வாசற்படியில் முன்சக்கரம்

பெட்டியின் அகலம் இரண்டடி இரண்டு அங்குலம். மெக்கானிக் டேப்பை மறுபடியும் இழுத்து, டயருக்கும் கதவு நிலைக்கும் நடுவில் இருந்த இடைவெளியை மூன்றாம் முறையாக அளந்தார். ஒன்றரை அடி. முதல் முறையும் ஒன்றரை அடிதான், இரண்டாம் முறையும் அதேதான்.

"அளக்க அளக்கக் கூடுமாப்பா அது?" என்றாள் மகள். கதவுக்கு உள்பக்கம் நின்றிருந்தாள். அழுது அழுது தொண்டை கட்டிப் போயிருந்தது. ஆனாலும் அந்தக் குத்தல் அப்படியே அம்மாவுடையது.

மெக்கானிக் டேப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். முன்னறையில் அவர் மனைவி இருந்தாள். நேற்று மத்தியானம் வரை இருந்தாள் என்று சொல்ல வேண்டும். நேற்று, தானே கட்டிய வண்டியை ஓட்டிவந்து, அதன் இடது முன்சக்கரத்தை வீட்டு வாசலின் மூன்று படிகளில் ஏற்றி நிறுத்தினாள். ஒரு சக்கரம் அவ்வளவு உயரம் போகும்போது மற்ற மூன்றும் தரையில் பதிகின்றனவா என்று பார்ப்பதற்காக. குனிந்து பார்த்துவிட்டு, சுவரில் சாக்பீஸால் ஏதோ ஒரு எண் எழுதினாள். பிறகு, "லேசா தலை சுத்துது, உக்காந்துட்டு வரேன்" என்று உள்ளே போய், துணி வெட்டும் மேஜை முன்னால் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் டாக்டர். ஒரு தலைவலி மாத்திரைகூடப் போட்டுப் பழக்கமில்லாதவள்.

வண்டி வைத்த இடத்திலேயே நின்றது. காலிச் சவப்பெட்டியைச் செங்குத்தாக நிமிர்த்தி, சமையலறைப் பக்கத்துச் சின்னக் கதவு வழியாக, திருப்பித் திருப்பி எப்படியோ உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். அவளை வைத்த பிறகு அதை நிமிர்த்த முடியுமா? முன்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். நாலு மணிக்கு அமரர் ஊர்தி வருகிறது. இப்போதே இரண்டரை.

அதை வண்டி என்று சொல்வதே தெருவில் பலருக்குச் சம்மதமில்லை. பெரிய டயர் நாலு, அவற்றுக்கு நடுவில் இரும்புக் குழாய்களால் பின்னிய ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரே ஒரு இருக்கை. கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது, கூரை கிடையாது. "மிச்சத்த எப்ப கட்டுவீங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. மிச்சம் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான் அது. சாலையில் ஓட்டுவதற்காகக் கட்டியதல்ல. ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரியில், ஆள் நடப்பதைவிட மெதுவாக, ஒவ்வொரு பாறையாகத் தொற்றிக்கொண்டு மேலே ஏறுவதற்கான வண்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குவாரியில் யாரோ அப்படி ஏறிக்கொண்டிருந்ததை அவள் மூன்று மணி நேரம் நின்று பார்த்தாள். மெக்கானிக் காருக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது, "நான் ஒண்ணு கட்டப் போறேன்" என்றாள். ஏதோ சேலை என்று நினைத்துக்கொண்டு "கட்டு" என்றார்.

அவள் தையல்காரி. சீருடை, திரைச்சீலை, சோபா உறை எதுவானாலும் தைப்பாள். முற்றத்து ஓரத்தில் இருந்த தகரக் கொட்டகையில் நாலு வருஷம் அந்தக் கூண்டைக் கட்டினாள். ஒரு குழாய் இன்னொரு குழாயின்மேல் வந்து உட்காரும் இடத்தில் அதன் வாயை வளைவாக வெட்ட வேண்டும். கைதேர்ந்த ஃபிட்டர்களே தேய்த்துப் பார்த்து, வைத்துப் பார்த்து, மறுபடி தேய்க்கிற வேலை. அவள் தாளை எடுத்து, சட்டைக் கைக்குப் பட்டி வைப்பதுபோலக் குழாயைச் சுற்றி மடித்து, கத்தரியால் வெட்டி, அதன்மேல் கோடு போட்டு அறுத்தாள். முதல் தடவையே நூல் போகாத அளவுக்குப் பொருந்தியது. மெக்கானிக் அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. முப்பது வருஷமாக மெக்கானிக் ஷாப் வைத்திருப்பவர் அவர். இந்தத் தெருவில் எந்த வண்டி இருமினாலும் அவரிடம்தான் வரும். தன் வீட்டுக் கொட்டகையில் இருந்து மட்டும் ஒரு சந்தேகம்கூட வரவில்லையே என்று அவருக்கு வயிறு எரிந்தது. இதை யாரிடமும் சொல்ல முடியாது. பெண்டாட்டி நன்றாக வெல்டிங் வைக்கிறாள் என்று அழ முடியுமா?

அதுகூடப் பரவாயில்லை. பெரிய எரிச்சல் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

தெருக்கோடி வீட்டு ரிட்டயர்டு கண்டக்டர். காலை ஏழு மணியிலிருந்து கேட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வருகிறவர்கள் அவரைத் தாண்டித்தான் உள்ளே வருகிறார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் வழிவிட்டு ஒதுங்குகிறார், தான் மட்டும் வருவதில்லை. மூக்கைச் சிந்தி, கண்ணைத் துடைத்து, மறுபடி அழுதார். மறைக்கவே இல்லை. மெக்கானிக்குக் காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அழுகையில்கூட இந்த மனுஷன் முந்திக்கொண்டானே என்று நினைத்தார்.

கண்டக்டர் உள்ளே வராததற்குக் காரணம் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் மெக்கானிக் வேலை முடிந்து வந்தபோது கொட்டகைக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவளும் கண்டக்டரும் தலைகீழாகக் கவிழ்த்த பெயிண்ட் வாளிகளில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தப்பாக ஒன்றும் இல்லை. அவள் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அவர் அவளைத் தங்கச்சி என்பார். கூப்பிடுகிற முறையைப் பார்த்தா பொறாமை வரும்? அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது. மறுநாள் அவள் இல்லாத நேரம் பார்த்து, கண்டக்டரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி, "இனிமே இதைத் தாண்டி உள்ள வராதீங்க" என்று சொல்லிவிட்டார். கண்டக்டர் "சரிங்க தம்பி" என்றார். அதோடு சரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் வண்டியைத் தெருவுக்குக் கொண்டுபோய்த்தான் அவரைப் பார்த்தாள். ஏன் என்று மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம்.

பாறை ஏறுகிறவருக்குத் தன் சக்கரம் தெரியாது. வெளியில் ஒருவர் நின்று கை காட்ட வேண்டும்: இப்படித் திருப்பு, வா, நில், பின்னால் போ. அந்தக் கையை மட்டும் பார்த்து ஓட்ட வேண்டும். அந்தக் கை கண்டக்டருடைய கை. கால்சட்டைக்கு அடி மடித்துத் தைக்கக் கொடுக்க வந்தவர், அவள் முற்றத்தில் மரக்கட்டை மேல் வண்டியை ஏற்றத் திணறுவதைப் பார்த்து, பழக்க தோஷத்தில் கூண்டை இரண்டு தட்டுத் தட்டி, "வரலாம் வரலாம் வரலாம்… ஹோல்டேய்" என்றிருக்கிறார். முப்பத்தொரு வருஷம் பஸ்ஸைச் சந்து பொந்தெல்லாம் பின்னால் எடுக்கவைத்த மனுஷன். அவளும் அப்படியே வந்து அப்படியே நின்றிருக்கிறாள். அதிலிருந்து எல்லா ஞாயிறும் அவர்தான்.

மெக்கானிக் ஒரே ஒரு முறை குவாரிக்குப் போனார். கண்டக்டர் முன்னால் நின்று கை காட்டிக்கொண்டிருக்க, இவர் பக்கத்தில் போய் நின்று, "ஏய், ஆக்சிலேட்டர விடு, ஸ்டியரிங்க ஒடிச்சுப் பிடி" என்று கத்தினார். அவள் என்ஜினை அணைத்தாள். இறங்கி வந்து, நாலு பேர் பார்க்க, "ஒருத்தர்தான் கை காட்டணும். நீங்க போய் நிழல்ல உக்காருங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கடையில் வாடிக்கையாளரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். நிழலில் உட்கார்ந்து பார்த்தார். வண்டிக்குள்ளிருந்து அவள் கண்கள் கண்டக்டரை விட்டு நகரவே இல்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் தன்னை அப்படி ஒரு தரம் பார்த்திருப்பாளா என்று யோசித்து யோசித்து, ஞாபகம் வராமல், வீட்டுக்கு வந்தார்.

"அப்பா, மணி ஆகுது" என்றாள் மகள்.

"நானே எடுத்துடுறேன். என்ன பெரிய விஷயம்."

கூண்டுக்குள் நுழைவதே பாடாக இருந்தது. இருக்கை அவள் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்தது. தோள் இரண்டு பக்கமும் இடித்தது, முட்டி ஸ்டியரிங்கில் முட்டியது. உள்ளே உட்கார்ந்ததும் அவருக்கு ஒன்று புரிந்தது. வண்டி சாய்ந்திருந்தது. முன்னால் வானமும் கதவின் மேல்பாதியும்தான் தெரிந்தன. சக்கரம் எதுவும் தெரியவில்லை. என்ஜினை முடுக்கினார். ஒரு பிடியில் பற்றிக்கொண்டது. சத்தத்தைக் கேட்டதும் முன்னறையிலிருந்து யாரோ ஒரு பெண் தேம்பினாள்.

ரிவர்ஸ் போட்டு, கிளட்சை இம்மி இம்மியாக விட்டார். வண்டி பின்னால் போவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. வால் ஒரு பக்கம் இழுக்க, மூக்கு இன்னொரு பக்கம் திரும்பி முன்னறை ஜன்னல் கம்பியில் போய் இடித்தது. கண்ணாடி விரிசல் விட்டு ஒரு துண்டு உள்ளே விழுந்தது. உள்ளே எல்லோரும் கத்தினார்கள். அவர் பிரேக்கை அழுத்தி மிதித்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இரண்டடி தூரத்தில் அவள் இருக்கிறாள்.

மகள் சமையலறைப் பக்கமாகச் சுற்றி ஓடிவந்தாள். "போதும்பா. எறங்குங்க. கண்டக்டர் மாமாவக் கூப்பிடுங்க."

"அந்தாளுக்கு ஸ்பேனர எந்தப் பக்கம் பிடிக்கணும்னுகூடத் தெரியாது."

"ஸ்பேனர் பிடிக்கவா கூப்பிடச் சொல்றேன்?" அவள் கூண்டின் குழாயைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கும் அவருக்கும் என்ன வேணா இருக்கட்டும்பா. அம்மாவ வெளிய கொண்டுபோகணும். அதுக்கு மட்டும் கூப்பிடுங்க."

மெக்கானிக் இறங்கினார். கேட்டு வரைக்கும் பதினைந்து தப்படி. முற்றத்தில் நின்றிருந்த அக்கம்பக்கத்தார் எல்லோரும் வேறு எங்கேயோ பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "வாங்க" என்றார்.

"வரலாமா தம்பி?"

"வரச்சொல்லித்தான கூப்பிடுறேன்."

கண்டக்டர் கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேராக வண்டியிடம் போய், ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பார்த்து ஒரு சுற்றுச் சுற்றினார். அழுதுகொண்டிருந்த ஆள் இவர்தானா என்று இருந்தது.

"பின் சக்கரம் ரெண்டும் இடது பக்கம் திரும்பி நிக்குது" என்றார். "கியருக்குப் பக்கத்துல சின்ன லிவர் ஒண்ணு இருக்கும் பாருங்க, அது பின் சக்கரத்துக்கு. நான் நிறுத்துன்னு சொல்ற வரைக்கும் வலது பக்கம் தள்ளுங்க."

இந்த வண்டியில் பின்சக்கரமும் திரும்பும் என்பது மெக்கானிக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் பார்க்காமல் ஏறிவிட்டார். முகம் சூடாக ஏறி உட்கார்ந்து லிவரைத் தள்ளினார். கண்டக்டர் "போதும்" என்றதும் நிறுத்தினார்.

"இப்ப என் கைய மட்டும் பாருங்க தம்பி. டயர எட்டிப் பாக்காதீங்க."

கண்டக்டர் போய் வாசற்படி மேல், கதவுக்கு நேராக, வண்டியைப் பார்த்து நின்றார். அவருக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது. கதவுக்குப் பின்னால் பெட்டி, பெட்டிக்குள் அவள். கண்டக்டரின் கையைப் பார்க்க வேண்டுமென்றால் மெக்கானிக் அந்தத் திசையில்தான் பார்த்தாக வேண்டும். காலையிலிருந்து முன்னறைக்குள் போவதும் வருவதுமாக இருந்தாரே தவிர, ஒரு நிமிஷம் சேர்ந்தாற்போல அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இரண்டு உள்ளங்கைகளும் அவரை நோக்கித் திரும்பி, மெல்லத் தள்ளின. மெக்கானிக் கிளட்சை விட்டார். வண்டி ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. ஜன்னல் கம்பியிலிருந்து குழாய் விலகும் கிரீச் சத்தம் கேட்டது. தன்னையறியாமல் எட்டிப் பார்த்தார். கண்டக்டரின் முஷ்டி உயர்ந்தது. நிறுத்தினார்.

"நீங்களே பாத்தா நான் எதுக்கு நிக்கிறேன்" என்றார் கண்டக்டர், கோபமில்லாமல்.

மறுபடி உள்ளங்கை. மறுபடி ஒரு சாண். மேல்படியிலிருந்து சக்கரம் சொத்தென்று இரண்டாம் படிக்கு இறங்கியதும் வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி இன்னொரு பக்கம் சாய்ந்தது. கண்டக்டர் முஷ்டியைக் காட்டிவிட்டு, "இங்கேயே இருங்க, ஒரு பலகை வைக்கணும், இல்லன்னா மொத்தமா உருண்டுரும்" என்று கொட்டகைக்குப் போனார். எந்தப் பலகை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கும் மெக்கானிக்குக் குறுகுறுத்தது. சொந்தக் கொட்டகையில் தனக்கு அது தெரியாது.

கண்டக்டர் பலகையோடு வந்து சக்கரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, கூண்டுக்குள்ளிருந்தபடியே மெக்கானிக் கேட்டார்.

"என்ன ஏன் கூப்பிடல அவ?"

கண்டக்டர் நிமிரவில்லை. "அத இன்னைக்கா கேக்கணும்?"

"இன்னைக்கு விட்டா யார்கிட்ட போய்க் கேக்கறது? வண்டியே என் தொழில். ஒரு நாள், ஒரே ஒரு நாள், இதப் பாருங்கன்னு கூப்பிடல. உங்களுக்கு என்ன தெரியும்னு உங்களக் கூப்பிட்டா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. டிக்கெட் கிழிக்கத் தெரியும், கை காட்டத் தெரியும்." கண்டக்டர் பலகையைக் காலால் ஒரு தட்டுத் தட்டிச் சோதித்தார். சொல்லலாமா வேண்டாமா என்று அவர் யோசிப்பது தெரிந்தது. "பின் ஆக்சிலக் கவுத்து மாட்டியிருந்தாங்களே, ஞாபகம் இருக்கா?"

மெக்கானிக்கு ஞாபகம் இல்லாமலா?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. பின் அச்சுக்குப் போகிற தண்டு பாறையில் இடிக்கக்கூடாது, கொஞ்சம் மேலே தூக்கினால் நல்லது என்று, அவள் பின் அச்சை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து மாட்டிவிட்டாள். பார்க்கப் புத்திசாலித்தனமாக இருக்கும். ஆனால் கவிழ்த்து மாட்டினால் சக்கரம் உருளும் திசையும் மாறிவிடும். முன்சக்கரம் முன்னால் போக, பின்சக்கரம் பின்னால் போகும். அவள் வீட்டில் இல்லாத ஒரு சாயங்காலம், மெக்கானிக் திருட்டுத்தனமாகக் கொட்டகைக்குள் போய் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவள் ஒரு தப்புச் செய்திருந்தாள். அவருக்கு எவ்வளவு சந்தோஷம். கேட்கட்டும், சொல்கிறேன் என்று விட்டுவிட்டார். பதினைந்து நாள் தினமும் சாப்பாட்டு மேஜையில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் காத்திருந்தார். அவள் கேட்கவில்லை. தெருவே கூடி நிற்க, முதல் தடவையாக வண்டியைக் கிளப்பினாள். முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே அது கிடுகிடுவென்று ஆடியது. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மறுநாள் எல்லாவற்றையும் கழற்றி, இருபது நாள் உட்கார்ந்து சரியாக மாட்டினாள்.

"நீங்க டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாமப் போனீங்களாம்" என்றார் கண்டக்டர். "தங்கச்சி வெளிய போனவங்க பாதி வழியில திரும்பி வந்திருக்காங்க. ஜன்னல் வழியாப் பாத்துட்டாங்க. அன்னைக்கு ஏன் பாக்குறீங்கன்னு புரியல. வண்டி ஆடுனதும் புரிஞ்சுபோச்சு."

"என்ன சொன்னா?"

"திட்டல தம்பி. சத்தியமாத் திட்டல. 'அவருக்கு எல்லாம் தெரியும்ணா. எனக்குப் பாக்கறத அப்படியே வாய் விட்டுச் சொல்ற ஆள் ஒருத்தர் போதும்'னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல."

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தன் இடத்தை இந்த ஆள் பிடுங்கிக்கொண்டான் என்று இரண்டு வருஷமாக நினைத்திருந்தார். காலியாகக் கிடந்த இடத்தில் வந்து நின்றிருக்கிறான். காலி செய்தது யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டால் பொறாமை போய்விடும் என்பதெல்லாம் சும்மா. அதிகமாகத்தான் எரிந்தது. அதைப் பற்றித் தன் முகத்துக்கு நேரே இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம் அவள். கேட்காமல் இந்த மனுஷனிடம் சொல்லியிருக்கிறாள். இரண்டு வருஷம், ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டு, குழம்பு போதுமா என்று கேட்டுக்கொண்டு, இதை உள்ளே வைத்திருந்திருக்கிறாள்.

"போலாமா தம்பி?" கண்டக்டர் மறுபடி படி மேல் ஏறி நின்றார்.

"ம்."

இந்தத் தடவை அவர் எட்டிப் பார்க்கவில்லை. உள்ளங்கை தள்ளினால் போனார், முஷ்டி உயர்ந்தால் நின்றார். ஒரு விரல் வலது பக்கம் சாய்ந்தால் ஸ்டியரிங்கை ஒரு விரல் சாய்த்தார். சக்கரம் பலகையில் வழுக்கித் தரையில் பதிந்தபோது, முற்றத்தில் யாரோ அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். கண்டக்டர் படி இறங்கி, வண்டிக்கு முன்னால் அதே தூரத்தில் நடந்து வந்துகொண்டே கை காட்டினார். கேட்டுத் தூணுக்கும் டயருக்கும் நடுவில் நாலு விரல் இடம்தான் இருந்தது. அந்த இடத்தில் கண்டக்டரின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மோவாய் வரை இறங்கியது. கையை எடுத்துத் துடைத்தால் மெக்கானிக் அதையும் ஒரு சைகையாக எடுத்துக்கொள்வார் என்று, துடைக்காமலேயே காட்டினார்.

வண்டி தெருவுக்கு வந்தது. தெரு சரிவு. என்ஜினை அணைத்ததும் மெல்ல உருளப் பார்த்தது. கண்டக்டர் ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்து, நம்பிக்கை இல்லாமல் கூண்டைக் கையாலும் பிடித்துக்கொண்டார். அப்போது ஊர்தியும் வந்து நின்றது. மகள் வாசலில் இருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, மூடப் போறாங்க. வந்து பாருங்க."

"நீங்க போங்க தம்பி" என்றார் கண்டக்டர். "நான் இதப் பிடிச்சுக்கிறேன்."

ஒரு வார்த்தைதான். "நீங்களும் வாங்க" என்று சொன்னால் போதும். வண்டியைப் பிடிக்கத் தெருவில் பத்துப் பேர் இருந்தார்கள். கண்டக்டர் படி மேல் கால் மணி நேரம் நின்றபோதும் அவளுக்கு முதுகைக் காட்டித்தான் நின்றார், ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. மெக்கானிக் இதையெல்லாம் பார்த்திருந்தார். நாக்கு வரைக்கும் வந்தது. இந்த ஒரு தரமாவது நான் மட்டும் பார்க்கிறேனே என்று அதை விழுங்கிக்கொண்டு உள்ளே போனார்.

போய் நின்று பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு மூடி வைத்துத் திருகினார்கள். ஆறு பேர் தூக்கினார்கள். முன்வாசல் வழியாக, மூன்று படியும் இறங்கி, எங்கேயும் இடிக்காமல் அவள் வெளியே வந்தாள். ஊர்தியின் பின்கதவைச் சாத்தினார்கள். ஓட்டுநர் ஏறி என்ஜினைப் போட்டார்.

கண்டக்டர் இன்னும் கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூடிய கதவைப் பார்த்தார். திறக்கச் சொல்லிக் கேட்கிற ஆள் இல்லை அவர். மெக்கானிக் ஊர்திக்குப் போக அவரைத் தாண்டியாக வேண்டியிருந்தது. தாண்டும்போது கண்டக்டர் மெதுவாகக் கேட்டார்.

"எப்படி இருந்தாங்க தம்பி?"

மெக்கானிக் நின்றார். தன்னிடம் இருப்பது இந்த ஆளிடம் இல்லை என்று ஒரு நொடி நிறைவாகக்கூட இருந்தது. ஊர்தியின் முன் இருக்கையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள்.

"நீலச் சட்ட போட்டிருக்கா" என்றார். "வேலை செய்யும்போது போடுவாளே, அது. மக அதத்தான் போடணும்னு ஒத்தக் கால்ல நின்னா. மேல் பட்டன் ஒண்ணு போடல."

"ம்."

"கண்ணாடியக் கழட்டியாச்சு. மூக்குல அது அழுத்துன தடம் ரெண்டும் அப்படியே இருக்கு."

கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டார். "ம்."

"கட்ட விரல் நகத்துல கறுப்பு இருக்கு. சோப்புப் போட்டுத் தேச்சுப் பாத்தாங்க. போகல."

"எந்தக் கை?"

"வலது."

ஊர்தி ஓட்டுநர் கண்ணாடியில் இவர்களைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். பிறகு என்ஜினை அணைத்துவிட்டார்.

"வாய் மூடியிருக்கு" என்றார் மெக்கானிக். அவர் குரல் இப்போதுதான் உடைந்தது. அதைச் சரிசெய்துகொள்ளாமலே பேசினார். "சிரிக்கல. கோவமும் இல்ல. ஊசில நூல் கோக்கும்போது உதட்ட இறுக்கி வச்சுக்குவாள்ல, அந்த மாதிரி. முடிய மக பின்னி விட்டிருக்கா. முன்னாடி நரையெல்லாம் அப்படியே தெரியுது. ரெண்டு கையும் வயித்து மேல இருக்கு, வலது கை மேல."

கண்டக்டர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். மெக்கானிக் பார்த்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். இடது காதுக்குப் பின்னால், வெல்டிங் பொறி பட்டு, தானே மூன்று நாள் மருந்து போட்டுவிட்ட சின்னத் தழும்பை மட்டும் சொல்லவில்லை.